இருநூறு எழுத்தும் சரி

அன்று முத்துமாரி தட்டி அனுப்பிய செய்தி எனக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாதவளைப் போல இருந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். ஐந்து ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட! இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது... அந்தத் தைரியத்தில்தான் வாய் திறக்கிறேன்.

நான் ஒரு ஹாம். அமெச்சூர் ரேடியோக்காரி. பாலவனத்தத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூங்கில் கழியில் ஒரு ஏரியல் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பழைய டிவி ஆண்டெனா என்று நினைத்துக்கொள்வார்கள். பகலில் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையின் மின்பிரிவில் எனக்கு வேலை. பொழுது சாய்ந்ததும் காதில் ஹெட்போன் ஏறிவிடும். உப்புக்கும் ஆகாது புளிக்கும் ஆகாது என்று என் மாமியார் முணுமுணுப்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். சம்பளமா, சாப்பாடா, ஒன்றும் வராது. ஆனாலும் அந்த ஆசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் விடாது.

இந்த உரிமத்தில் இரண்டு படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவர்கள் சில அலைவரிசைகளில் மட்டும் வாயால் பேசலாம். மேல்படிக்கு ஏற வேண்டுமானால் மோர்ஸ் தேற வேண்டும். குட்டை ஒலி, நெட்டை ஒலி என்று இரண்டே ஒலிகளால் ஆன பழைய தந்தி மொழி அது. ஐந்து நிமிடம் அவர்கள் ஒலிப்பதை நாம் எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். ஐந்து நிமிடம் நாம் தட்ட வேண்டும். ஐந்து பிழைக்கு மேல் போனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பலாம்.

முத்துமாரியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. கீழ்ப்படி உரிமத்தை ஒன்றாக எழுதி, ஒன்றாக வாங்கினோம். மேல்படியும் ஒன்றாகத்தான் என்று பேசி வைத்திருந்தோம். என்னைவிட அவளுக்குத்தான் காது கூர்மை. எனக்கு அதில் பொறாமை இருந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வேண்டாம்.

அவளை எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவள் கணவருக்கு ரேடியோ அடியோடு பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? பெண்டாட்டி மைக்கை எடுத்தால் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முன்பின் பார்த்திராத ஆண் குரல்கள் வந்து நலம் விசாரிக்கின்றன! மைக்கில் பேசக் கூடாது என்றார். பிறகு செல்போனையும் பிடுங்கிக்கொண்டார். இந்த டிக்குடிக்குச் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தார். அது பரீட்சைக்கான பயிற்சி, அதில் பேச்சு கிடையாது, எதிர்முனையில் இருப்பதும் ஒரு பெண். தையல் மிஷின் ஓடுவது போல ஒரு மூலையில் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். பரீட்சைக்கு மட்டும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவள் பயிற்சி எனக்கானதாகிப் போனது. எனக்காகத்தான் அவள் தட்டினாள்.

தினமும் மாலை ஆறு மணிக்கு. கையடக்க ரேடியோவின் மைக்குக்கு எதிரே, அழுத்தினால் ஒலிக்கும் ஒரு சிறு பஸ்ஸரை வைத்துத் தட்டுவாள். அவள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் மலை கிடையாது, மேடு கிடையாது. கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான். அந்த வெளிக்கு மேலே ஒலி மிதந்து வரும்... எங்கோ கரிமூட்டம் போட்ட புகை தரையோடு தவழும். வெயில் இறங்கிய மாடியின் சூடு பாதத்தில் ஏறும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். விரல் தானே எழுதும். அந்த ஐந்து நிமிடம் நான் பூமியில் இருந்ததாக நினைவில்லை.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மோர்ஸ் பழகுகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. எழுத்தை எடு, வாசிக்காதே! வாசித்தால் மனம் அடுத்த சொல்லை ஊகிக்கும். ஊகித்தால் அடுத்த எழுத்து தவறும். எனவே வருகிற எழுத்துகளை ஐந்தைந்தாக வெட்டி எழுதிக்கொண்டே போவோம். என்ன சொல்லப்பட்டது என்பது நமக்கு வேண்டாம். இருநூறு எழுத்து முடிந்ததும் விடுபடாமல் எத்தனை எடுத்தோம் என்று திருப்பிச் சொல்வோம். அவ்வளவே.

நல்ல வழக்கம்தான். அதற்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

என் தேர்வு ஒரு புதன்கிழமை, சென்னையில். செவ்வாய் மாலை விருதுநகரில் ரயில் ஏற வேண்டும். நான் சொல்லும் மாலை, அதற்கு முந்தைய திங்கள்.

அவள் தட்டத் தொடங்கினாள். முதல் ஐந்து எழுத்து, இரண்டாவது ஐந்து... வழக்கம்போல அர்த்தமற்ற கட்டங்கள். மூன்றாவதில் என் விரல் தயங்கியது. ஆங்கில எழுத்துதான், ஆனால் ஆங்கிலம் இல்லை. அவள் தமிழை அனுப்பிக்கொண்டிருந்தாள்! கோலப்புள்ளிகள் சேர்ந்து கோலமாவதைப் போல எழுத்துகள் தாமாகவே சேர்ந்தன. அவள் குரலே கேட்டது. கனவில் ஒருவர் வாயசைக்காமல் பேசுவாரே, அப்படி.

மாரி பேசுறேன். அவுக அடிக்கிறாக. இனி இங்க இருக்க முடியாது. அம்மாகிட்ட சொல்லாத, திருப்பி அனுப்பிரும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விலக்குல நிப்பேன். அண்ணன்கிட்டச் சொல்லிக் கார் கொண்டு வா. நீ வா.

விலக்கு என்றால் அவள் ஊருக்கு மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற இடம். தந்தியில் எழுத்தை மிச்சம் பிடிப்பதுதான் வழக்கம். அவளோ அடிக்கிறவருக்கும் மரியாதை குறைக்காமல் 'அவுக' என்று தட்டியிருந்தாள்.

அத்துடன் செய்தி முடிந்தது. ஆனால் இருநூறு எழுத்து ஆகவில்லை. பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் அந்நேரம் அருகில் டிவி பார்க்கிற கணவருக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ... மீதி இடத்தை ஒரே சொல்லால் நிரப்பினாள். வா. வா. வா. வா. பன்னிரண்டு முறை. இடைவெளி கொஞ்சமும் பிசகவில்லை. அப்பேர்ப்பட்ட கை அவளுக்கு.

என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸரை எடுத்தேன். 'இருநூறும் சரி. பிழை இல்லை' என்று தட்டினேன். எழுபத்து மூன்று என்ற எண்ணையும் சேர்த்தேன். ரேடியோக்காரர்களுக்கு அது அன்பான வணக்கம். அன்பான வணக்கமாம்!

பிறகு இரண்டு குட்டை ஒலிகள் வந்தன. டிட், டிட். விடைபெறும்போது எல்லோரும் தட்டுவது அது. அந்த நிலையிலும் அவள் அதைத் தட்டாமல் போகவில்லை.

வாசலில் கார் நின்றது. அவள் அண்ணன் என்று சொன்ன என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டுகிற கார். சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பியிருப்பார், அந்த மனிதர் அப்படி. ரயிலோ மறுநாள் மாலைதான்! காலையில் போய் அவளை அழைத்து வந்துவிட்டு, மாலையில் ரயிலும் ஏறியிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் ஐந்து வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்று என் மனம் வேறு கணக்குப் போட்டது. அழைத்து வந்தால் எங்கே வைப்பது? அவள் வீட்டு ஆட்கள் ஜீப்பில் வந்து நிற்பார்கள். காவல் நிலையம், பஞ்சாயத்து என்று நாள் போய்விடும். ரயில் போய்விடும். அடுத்த தேர்வு எப்போது வருமோ? இந்த வட்டாரத்தில் மேல்படி ஏறிய முதல் பெண் என்ற பெயர் போய்விடும்... இந்தக் கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். மற்றவை எல்லாம் அதன் மேல் போர்த்திய துணி.

காகிதத்தை நோட்டிலிருந்து கிழித்தேன். அடுப்பில் போட்டேன். நான் வாசிக்கவில்லை, எழுத்து மட்டும்தான் எடுத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தூங்குகிறவளை எழுப்பலாம், தூங்குவதாகப் பாசாங்கு செய்கிறவளை யாரால் எழுப்ப முடியும்?

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் ரயிலுக்குக் கட்டுச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வு அறையில் அதிகாரி ஒலியைப் போட்டார். ஏதோ ஆங்கிலப் பத்தி. எனக்கு அதில் ஒரு சொல்கூட ஏறவில்லை, கை மட்டும் எழுதியது. பிழையே இல்லை என்றார். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டார். ஒரு தோழி என்றேன்.

ஊர் திரும்பி நான்காம் நாள் அவள் அம்மா வீடு தேடி வந்தார். மாரிக்கு உடம்பு சரியில்லை, ஏதோ சண்டை, பெரியவர்கள் சமாதானம் பேசி வைத்திருக்கிறார்கள், ரேடியோப் பெட்டியை மாப்பிள்ளை உடைத்துப் போட்டுவிட்டார் என்று கண்ணைத் துடைத்தார். "ஒங்கிட்ட எதாச்சும் சொன்னாளாம்மா?" என்று கேட்டார். நாங்கள் வெறும் எழுத்துதான் பழகுவோம், பேச்சே கிடையாது என்றேன். அந்த அம்மாள் நம்பினார். காபி குடித்துவிட்டுப் போனார்.

சில மாதங்களில் உரிமம் தபாலில் வந்தது. வானலையில் பெயருக்குப் பதிலாகச் சொல்லப் புது அழைப்புக் குறி. மதுரையில் ஹாம் நண்பர்கள் கூடிப் பொன்னாடை போர்த்தினார்கள். என் கணவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே படத்துக்கு நின்றேன். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது!

மேல்படி ஏறியவர்களுக்கு உலகமே திறந்துவிடும். அந்தி நேரத்தில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து எங்கெங்கிருந்தோ மோர்ஸ் வரும். கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் பனியில் உட்கார்ந்து தட்டுவார், நான் பாலவனத்தத்தில் புழுக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஒலி பெருகும், தேயும், மறுபடி பெருகும்... அதில் மிதந்தபடி அரைக்கண் மூடுவேன். அப்போது எந்தத் தேசத்துக் கையும் அவள் கையாக மாறிவிடும். அவர் தம் ஊரின் பெயரைத் தட்டுவார், என் பென்சில் வேறொன்றை எழுதி வைத்திருக்கும். என்ன எழுதியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளிடமே உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. போன மாதம்தான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். முத்துமாரி! மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அந்த வீட்டை விட்டு ஒரு வருஷம் முன்பு தானாகவே வெளியேறி வந்ததாகச் சொன்னாள். இப்போது திருச்சுழியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பரளச்சியில் அம்மா வீட்டில் இருந்து தினமும் போய் வருகிறாளாம். நான் சுவரோரமாக அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். அவள் என்னைச் சுற்றி வந்து வலது பக்கத்தை எனக்குக் காட்டி நின்றாள்.

"எடது காது கேக்காதுடி. அன்னைக்கு அடிச்சதுல போயிருச்சு."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. அன்று விலக்கில் துணிப்பையோடு மத்தியானம் வரை நின்றிருக்கிறாள். எழுத்தாக எடுத்திருந்தாலும் ராத்திரிக்குள் காகிதத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க மாட்டேனா என்று நம்பி நின்றிருக்கிறாள். ஒவ்வொரு காரும் எங்கள் காராகத் தெரிந்ததாம். கடைசியில் அவள் கணவர்தான் வந்தார். அதன் பிறகு நான்கு வருஷம்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒன்னு கேக்கவா? அன்னைக்கு நான் அனுப்புனத நீ வாசிச்சியாடி?"

சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல். "இல்லடி, எழுத்து மட்டுந்தான் எடுத்தேன்" என்றேன்.

அதற்குள் மதுரை பஸ் ஒன்று பின்வாங்கியபடி ஹாரன் அடித்தது. அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்ன என்று கேட்டுக்கொண்டே தலையைச் சாய்த்து அந்த வலது காதை என் வாயருகே கொண்டுவந்தாள்.

பாருங்கள், யாருக்குக் கிடைக்கும் இப்படி? சொன்ன பொய்யை அழித்துவிட்டு மறுபடி சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது! ஹாரன் நின்றது. அவள் காத்திருந்தாள். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, அதையே மறுபடியும் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி. அந்த வீட்ல கெடந்தப்பல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிருவேன். ஒனக்குப் புரிஞ்சிருந்தா நீ ஓடி வந்திருப்ப."

ஆமாண்டி என்றேன். அதையும் அந்தக் காதருகே குனிந்துதான் சொன்னேன்.