பாதித் தட்டு

இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டியவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவளும் நான்தான். இப்போது சிரிப்பதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. மலை நாடுகளாகப் பார்த்துப் போனோம். மலையைப் பார்க்க நான், சாப்பிட்டுப் பார்க்க அவர். சரியான சாப்பாட்டு ராமன். எந்த ஊரில் இறங்கினாலும் "இங்க என்ன நல்லாருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. தின்றது ஒவ்வொன்றுக்கும் நான் நோட்டில் மார்க் போடுவேன். அவருக்கு நான் எப்போதும் 'டீச்சர்'தான், வீட்டிலும் சரி, வெளியிலும் சரி.

எங்களுக்கு ஒரு பழக்கம். ஆளுக்கு ஒன்று வாங்குவோம். பாதி சாப்பிட்டதும் தட்டை மாற்றிக்கொள்வோம். கேட்கிற வழக்கமே இல்லை. என் தட்டு அந்தப் பக்கம் போகும், அவர் தட்டு இந்தப் பக்கம் வரும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அன்று பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முந்தின நாள் கண்டதையும் தின்றதில் அவருக்கு வயிறு சரியில்லை. ஜன்னலோரம் சுருண்டு கிடந்தார். சாயங்காலம் சரியாக 4.10. ஒரு மலை வளைவில் பஸ் நின்றது. பனிமூட்டம். விலகினால்தான் நகர முடியும் என்று டிரைவர் கையை விரித்துவிட்டார்.

"டீச்சர்... கொஞ்சம் வெந்நீர் கிடைக்குதா பாரேன்."

கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. குழம்பு வாசனையும் வந்தது. ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இருபது அடி நடந்திருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். சரக்... சரக்...

"நானும் வரேன்."

அவர்தான். "இப்பதான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க. வாசனை வந்ததும் எழுந்தாச்சா?" என்றேன். இதற்கெல்லாம் ஒரு பதில் எப்போதும் வைத்திருப்பார். அன்று வெளிச்சத்தைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.

கதவு திறந்தே இருந்தது. அடுப்பின் முன்னால் ஒரு பெண், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கிளறிக்கொண்டிருந்தாள். மேஜையில் இரண்டு தட்டு. கிழங்கும் இறைச்சியும் போட்ட குழம்பு, ஆவி பறந்தது. யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார்களே என்று நான் தயங்குவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வெந்நீர் கேட்டு ஃபிளாஸ்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் திரும்பாமலே, கரண்டியால் நாற்காலியைக் காட்டினாள். மரியாதைக்கு உட்கார்ந்தேன். மணி 4.25.

தட்டைத் தொட்டேன். ஆவி பறக்கிறது... தட்டு ஜில்லென்று இருக்கிறது.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். உப்பு கூட, காரம் கம்மி என்று ஒரு வார்த்தை வரவில்லை. கரண்டி தட்டில் படுகிற சத்தமும் இல்லை. வயிறு சரியில்லாத மனுஷர், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன். கரண்டி இடது கையில் இருந்தது. இடது கையால் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடாதவர் அவர்.

அந்தக் குளிரில் என் மூச்சு புகையாக வந்தது. அவருக்கு வரவில்லை.

நான் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

அவர் தட்டில் பாதி காலியானது. நிறுத்தினார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மாத்திக்கலாமா?"

அவர் கேட்கமாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டக்.

அடுப்பில் கிளறுகிற சத்தம் நின்றது. அந்தப் பெண் அசையவில்லை. என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"மாத்திக்கலாமா?"

அதே குரல். அதே ராகம்.

அப்போது... வெளியே... தூரத்தில்...

"டீச்சர்! எங்க இருக்கே? டீச்சர்!"

என் வீட்டுக்காரர் குரல்.

எதிரே இருந்தது சிரித்தது.

ஓடினேன். ஃபிளாஸ்க் எங்கே விழுந்ததோ, தெரியாது. 4.40க்கு பஸ் வாசலில் அவர் மேல் போய் மோதினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க... என்கூட வரலையா?"

"நான் எங்க இறங்கினேன்? சீட்டை விட்டு இப்பத்தான் எழுந்தேன்."

டிரைவரிடம் சைகையில் கேட்டேன். அவரும் ஆமாம் என்று தலையசைத்தார். பனி விலகியபோது, திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள், விடுதி அறையில் கேட்டேன். "நீங்க ஏன் அன்னிக்கு அப்படிக் கத்தினீங்க?"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ திரும்பி வந்துட்டே, டீச்சர். கையில ஒரு தட்டு. பாதி காலியா இருந்துது. ஃபிளாஸ்க் எங்கன்னு கேட்டேன். நீ பக்கத்துல உக்காந்து, 'உங்க பாதி'ன்னு நீட்டினே. உன் கை பட்டுது... ஐஸ் மாதிரி. நிமிர்ந்து பார்த்தா சீட்டுல யாருமே இல்லை."

"அதைச் சாப்பிட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசனை நல்லா இருந்துது, டீச்சர்... கை படறதுக்கு முன்னாடி... ஒரே ஒரு வாய்தான்."

மறுநாளே மூட்டை கட்டிவிட்டோம். வீடு வந்து இன்றைக்குப் பதினோரு நாள். அவர் வயிறு சரியாகிவிட்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறார். உப்பு, காரம் என்று வாய் திறப்பதில்லை. முந்தாநாளிலிருந்து என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை.

இதை எழுதும்போது எதிரில்தான் இருக்கிறார். கரண்டி இடது கையில். சத்தமே இல்லை.

பாதியில் நிறுத்திவிட்டார்.

தட்டைத் தள்ளுங்க... கேக்காம தள்ளுங்க. அது போதும் எனக்கு.

என்னைப் பார்க்கிறார்.

வாயைத் திறக்கிறார்.