மாப்பிள்ளையைச் சாய்த்தால் கறிச்சோறு: கொல்லிமலை ரக்பிக் கோப்பை

டிவியில் ரக்பி வந்தால் சேனலை மாற்றுகிற ஆள் நான். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் சொன்னதை நம்பிக் கொல்லிமலைக்கு ரக்பி பார்க்கவே போனேன்.

நாமக்கல்லில் காலை 6.10க்கு பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதில், காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகத்துக்கு வந்தது. செம்மேட்டில் இறங்கும்போது 8.45. மைதானம் 7 கிலோமீட்டர், ஜீப்புக்கு 250 ரூபாய். ஓட்டிய முருகேசன், "பதினோரு மணிக்கு பைனலுங்க, நானும் ஆடறனுங்க" என்றார். அவர் எடப்புளி நாடு, எதிரணி குண்டூர் நாடு. மலைக் கிராமங்களின் தொகுதியை இங்கே நாடு என்பார்கள்.

வழியெல்லாம் கோப்பையின் கதைதான். மாற்றலாகி வந்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த முட்டை வடிவப் பந்துக்கு ஊர் வைத்த பெயர் பலாக்கொட்டை. பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். ஆனால் இரண்டு நாடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. தங்கச்சி புருஷனை மண்ணில் புரட்டலாமா? மாப்பிள்ளை பந்தோடு வந்தால் வழிவிட்டு நின்றிருக்கிறார்கள். உடனே இரண்டு அணியும் எதிர்நாட்டில் பெண் எடுத்தவர்களாகத் தேடிச் சேர்த்தன.

"ஸ்கோரு எழுவது, எம்பதுன்னு போச்சுங்க."

கடைசியில் ஆசிரியர் விதி போட்டார்: கோட்டுக்குள் உறவு கிடையாது, சாய்த்தவர் அன்றைக்கே மாப்பிள்ளை குடும்பத்தை வீட்டுக்கு அழைத்துக் கறிச்சோறு போட வேண்டும்.

முருகேசனுக்குத்தான் மனசு வரவில்லை. போன இரண்டு வருட பைனலிலும் குண்டூருக்கு ஆடும் தங்கை கணவரை விட்டுவிட்டார், இரண்டிலும் தோல்வி. "இந்த வாட்டியும் உட்டா டீம்ல இருந்து தூக்கிருவாங்க" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

பைனலின் கடைசி நிமிடம். எடப்புளி இரண்டே புள்ளி முன்னிலை; குண்டூர் இன்னொரு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் கோப்பை அவர்களுக்கு. அந்த மாப்பிள்ளை பந்தோடு பாய்ந்து வருகிறார், எதிரே முருகேசன் மட்டும். கால் தயங்கியது. குண்டூர்க்காரர்கள் நடுவிலிருந்து அவர் தங்கை கத்தினார்: "அண்ணா, புடிண்ணா. ரெண்டு வருசமா நம்மூட்டுக் கறிச்சோறு இல்லாமப் போச்சு."

புழுதி அடங்கியபோது மாப்பிள்ளை கீழே, முருகேசன் மேலே. விசில் ஊதியாயிற்று, கோப்பை எடப்புளிக்கு. நான் குதித்தே விட்டேன்.

"அடி பட்டுச்சுங்களா மாப்ள?"

"அது கெடக்குதுங்க மச்சான். கோழியா, ஆடா?"

போகிறவர்களுக்கு: டிக்கெட் கிடையாது, நிழலும் கிடையாது, தொப்பி அவசியம். நாலு மணி பஸ்ஸில் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் போட்டேன். நாலு மணிக்கு முருகேசன் வீட்டில், மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். கோழிதான்.