இருபதில் நின்ற முள்

காற்றை அழுத்தி டாங்கில் நிரப்பும் கம்ப்ரஸரின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. முள் மட்டும் இருபதைத் தாண்டவில்லை. ஸ்ப்ரே அக்கா மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். அசைவே இல்லை. மற்ற நாட்களில் அவள் தலையில் துணியைக் கட்டி, முகமூடியை மாட்டி முடிப்பதற்குள் அந்த முள் நூறைத் தொட்டுவிடும்.

வீட்டின் பின்னறை முழுக்கச் சக்கர நாற்காலிகள். எல்லாம் மருத்துவமனையிலிருந்து வந்தவை. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தாயிற்று. பாதி நாற்காலிகள் நீலமாகிவிட்டன, மீதி சாம்பல் நிறத்தில் காத்திருந்தன. நாளைக் காலை வண்டி வந்துவிடும். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் கட்டில், அலமாரி என்று மருத்துவமனையின் பெயின்ட் வேலை முழுவதும் இவளுக்குத்தான். முடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று ஸ்டோர் பொறுப்பாளர் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் பீரோ கம்பெனியில் உப்புத்தாள் தேய்க்கப் போனவள் இவள். பெயின்ட் அடிப்பவர் வராத ஒரு நாளில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அதை அவள் கையிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. மகள் பிறந்ததும் கம்பெனியை விட்டாள். ஒரு பழைய கம்ப்ரஸரைப் பிடித்துப் பின்னறையில் வைத்தாள். மின்விசிறி, சைக்கிள், ஜன்னல் கம்பி, எது வந்தாலும் புதுசாக்கி அனுப்பினாள். தெருவுக்கே அவள் ஸ்ப்ரே அக்காவானது அப்படித்தான்.

"என்ன, வண்டி மலை ஏற மாட்டேங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கணவர். பஸ் கண்டக்டர். மத்தியான டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"ஓடுது, ஆனா காத்து ஏறல."

"ஆள் ஏறலன்னா விசில் அடிச்சுப் பாரு."

"சும்மா இருங்க. அந்தச் சோப்புத் தண்ணிய எடுத்துட்டு வாங்க."

முதலில் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். முள் அதே இடம். அப்படியானால் குழாயிலும் கன்னிலும் குற்றம் இல்லை. காற்று உள்ளே போகும் வடிகட்டியில் உள்ளங்கையை வைத்தாள். நன்றாக இழுத்தது. பம்பிலிருந்து டாங்குக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாயில் கையை வைத்தாள். கையைத் தள்ளிவிட்டது காற்று. பம்ப் சுத்தம். உள்ளே போகிறது, ஆனால் நிற்கவில்லை. எங்கேயோ ஒழுகுகிறது.

குழாயைத் திரும்ப மாட்டி, கண்ணுக்குத் தெரிந்த மூட்டுகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினாள். ஒரு குமிழியும் வரவில்லை.

அதற்குள் மாடிவீட்டு நர்ஸ் இறங்கி வந்துவிட்டாள். இரவு டியூட்டி பார்ப்பவள், பகலில்தான் தூக்கம். கண் சிவந்திருந்தது.

"என்னக்கா, இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குது? கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நின்னுடும், அந்தக் கணக்குலதான் தூங்குவேன்."

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். காத்து எங்கயோ போகுது, எங்கன்னு தெரியல. பெட்டியத் தூக்கினாத்தான் தெரியும்."

அந்தப் பெட்டியே இந்த நர்ஸுக்காகச் செய்ததுதான். கம்ப்ரஸர் வந்த முதல் நாள், இதே சிவந்த கண்ணோடு இறங்கி வந்தவள், "பரவாயில்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஸ்ப்ரே அக்காவுக்கு ஆகிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டு, கம்ப்ரஸரை அப்படியே மூடும்படி ஒரு மரப்பெட்டி செய்து கவிழ்த்தாள். உள்ளே நான்கு பக்கமும் பஞ்சு மெத்தைத் துண்டுகள், பின்பக்கம் காற்றுப் போகத் துளைகள், முன்பக்கம் மீட்டரும் ஸ்விட்சும் பம்பும் கைக்கு எட்டும்படி ஒரு கதவு. அடிக்கடி ஓடி அந்தப் பெண்ணை எழுப்ப வேண்டாமே என்று, ஸ்விட்சின் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த நட்டையும் இறுக்கி வைத்தாள். ஒருமுறை ஓடினால் முன்னைவிடக் கூடுதலாகக் காற்று நிரம்பும், பிறகு நெடுநேரம் அமைதியாகக் கிடக்கும்.

பெட்டியின் மேல் ஒரு மெத்தையும் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் நாற்காலி. காலையில் மகள் அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுவாள். டியூட்டி முடிந்து வரும் கண்டக்டர் அதன் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, மோட்டாரைப் போடச் சொல்வார். "இந்தத் தெருவிலயே மசாஜ் பண்ற சோபா நம்ம வீட்லதான் இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை வேறு.

இப்போது அந்தச் சோபாவைக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தூக்காத பெட்டி. சட்டென்று வரவில்லை. நர்ஸும் ஒரு கை கொடுத்த பிறகு முனகிக்கொண்டு கிளம்பியது.

அடியில் கிடந்த மெத்தைத் துண்டு நனைந்து பழுப்பாக இருந்தது. ஸ்ப்ரே அக்கா தரையில் படுத்து, போனின் வெளிச்சத்தை டாங்கின் அடியில் அடித்தாள். மெல்லிய சீறல் கேட்டது. சோப்பு நுரையைத் தொட்டு வைத்ததும் பொத்தென்று தெறித்தது.

"கெடச்சிடுச்சு!" எழுந்தவளின் முகமெல்லாம் சிரிப்பு. "ஊசிமுனை அளவு ஓட்டை. இதுக்கா இவ்வளவு பாடு!"

"அவ்வளவுதானா?" கண்டக்டருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு ஸ்க்ரூ, ஒரு ரப்பர் வாஷர். முடிஞ்சுது. நாங்க டீசல் டாங்க் ஓட்டையையே சோப்பு வச்சு அடைச்சு, டெப்போ வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்திருக்கோம்."

"பயணிங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"சொன்னா மிச்சப் பணத்தத் திருப்பிக் கேப்பாங்களே!"

மோட்டாரை நிறுத்தி, இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினார்கள். டாங்கைச் சாய்த்துச் சுவரில் முட்டுக் கொடுத்தபோது உள்ளே ஏதோ கனமாகப் புரண்டது.

"உள்ள என்ன அது, தண்ணியா?"

"காத்து அடைக்கிற டாங்க்ல தண்ணி எங்கேருந்து வரும்?" என்றாள் ஸ்ப்ரே அக்கா. சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து, திருகுளியால் அழுத்தினாள்.

திருக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஸ்க்ரூ தலைவரை உள்ளே போனது. பின்னாலேயே திருகுளியும் போனது. அவள் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் சரிந்தாள். கிழிந்த இடத்திலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. அறையின் தரையில் துருச் சேறு படர்ந்து, நாற்காலிச் சக்கரங்களை எட்டியது.



அவள் திருகுளியை உருவி, ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். பிஸ்கட்டில் குத்தியது போல உள்ளே இறங்கியது. இன்னொரு இடம். அங்கேயும் இறங்கியது. மேலே பளபளவென்று அவளே அடித்த சிவப்புப் பெயின்ட். அதற்குப் பின்னால் இரும்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டாங்கின் அடிவயிற்றில் ஒரு சின்னத் திருகு இருந்தது. துருவேறி, உருண்டையாகிப்போன திருகு. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பீரோ கம்பெனி வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. தினமும் காலையில், மற்றவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே, பெரிய கம்ப்ரஸரின் அடியில் குனிந்து எதையோ திருகுவார். புஸ்ஸென்று சத்தம் வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். பெயின்ட் பிரிவுப் பெண்கள் வாசலிலிருந்தே கத்துவார்கள்: "தாத்தா, இன்னைக்கு எத்தன லிட்டர் கறந்தீங்க?" அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அது வேலை என்று அவளுக்குத் தெரியாது. வயசான காலத்தில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தாள். காற்றை அமுக்கினால் அதில் இருக்கும் ஈரம் தண்ணீராக அடியில் இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகப் பெயின்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தபோதுகூட, பெயின்டில் கலக்கும் தின்னர் மட்டம் என்று கடைக்காரரைத்தான் போய்த் திட்டிவிட்டு வந்தாள்.

"நட்ட வேற நான் இறுக்கினேன்" என்றாள். திருகுளியைக் கீழே போட்டாள்.  "இவ்வளவு காத்த இந்தத் தகட்டுக்குள்ள அடைச்சு வச்சிருந்தேங்க. எப்ப வேணும்னாலும் வெடிச்சிருக்கும்."

கண்டக்டர் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "காலைல பாப்பா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்படியே தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் மொதல்ல மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றாள் நர்ஸ்.  "எனக்காகவாக்கா இந்தப் பெட்டி? ஐயோ, பெட்டி போட்ட பிறகும் சத்தம் அப்படியேதான் இருந்துச்சு. தரையே அதிரும். நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்கப் பழகிட்டேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதத் தூக்கிப் போட்டிருப்பீங்களே!"

ஸ்ப்ரே அக்கா அவளையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலை. நர்ஸிடம் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்டால் சங்கடப்படுவாளே என்று இவள் கேட்கவில்லை. சொன்னால் வருத்தப்படுவாளே என்று அவள் சொல்லவில்லை. நடுவில் இந்தப் பெட்டியின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம் தெளிந்த பிறகு கண்டக்டர் நாற்காலிகளைப் பார்த்தார். "வெல்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போவோமா? ஒரு தகடு வச்சு ஒட்டினா இன்னைக்கு ஒரு நாள் தாங்காதா?"

"எதுமேல ஒட்டுவாரு? சுத்தி எல்லாமே இப்படித்தானே இருக்கு." ஒரு கணம் அவளுக்கும் ஆசை வந்தது. ஒரே ஒரு நாள். நான்கைந்து நாற்காலிகள். இந்த வாய்ப்பு போனால் திரும்ப வராது. பிறகு சேற்றில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள். "வேணாங்க. ஆர்டர் போனாப் போகுது. இது இனிமே ஓடக் கூடாது."

"டயர் கடையில காத்து இருக்கே" என்றாள் நர்ஸ்.

தெருவில் அன்று கண்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டக்டர் முன்னால், ஸ்ப்ரே அக்கா நடுவில், நைட்டியின் மேல் துண்டு போட்ட நர்ஸ் பின்னால். ஆளுக்கொரு வெற்றுச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள், மறுபடி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று மளிகைக் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

"ஒண்ணும் ஆகலண்ணே. அதான் ஆச்சரியம்!" என்றார் கண்டக்டர்.

டயர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் தலையாட்டினார். "அதுக்கென்னக்கா, தாராளமா அடிச்சுக்கங்க. காத்துதானே!"

அவரது கம்ப்ரஸரின் பக்கத்தில் ஒரு பெஞ்ச். பஞ்சருக்கு வந்த இருவர், டாங்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ப்ரே அக்கா நாற்காலியை விட்டுவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க. ரெண்டு பேரும் எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க."

"ஏம்மா, நாங்க வரிசையில வந்தவங்க..."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் எழுந்துவிட்டார்கள். டயர் கடைக்காரரை மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். முள் கீழே இறங்கும்வரை காற்றைத் திறந்துவிட்டாள். பிறகு குனிந்து, டாங்கின் அடியில் இருந்த திருகைப் பிடித்தாள்.

"அக்கா, அதத் தொடாதீங்க, அது ஏதோ கம்பெனில வச்ச..."

திருகு நகர்ந்தது. பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தெருவோரச் சாக்கடையைத் தேடி ஓடியது. டயர் கடைக்காரர் வாயைப் பிளந்தார். அவர் கண் தண்ணீரிலிருந்து பெஞ்சுக்குப் போனது, பெஞ்சிலிருந்து தண்ணீருக்கு வந்தது.

"இது... போன வருஷம்தான் புதுசா வாங்கினது."

தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விட்டாள். ஸ்பேனரால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். "ஓட்டை போட்டுடாதீங்கக்கா, பொழப்பே அதுதான்" என்று கூடவே நகர்ந்தார் அவர். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டது. திருகை மூடி மோட்டாரைப் போட்டார்கள். முள் தயங்காமல் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

ஆனால் சத்தத்தை மட்டும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவருடைய குழாயோடு தன் குழாயை இணைத்தாள். நாற்காலிகளைத் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவர்வரை தள்ளச் சொன்னாள். கண்டக்டர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். யாரும் குழாயின் மேல் ஏற்றிவிடாமல் நர்ஸ் காவல் நின்றாள்.

ஸ்ப்ரே அக்கா முகமூடியை மாட்டிக்கொண்டு, கன்னை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"அக்கா, இன்னும் எவ்வளவு தூரம் போவீங்க?" என்று கத்தினார் டயர் கடைக்காரர். அவரும் கடையை விட்டு இறங்கி நடுத்தெருவுக்கு வந்திருந்தார்.

"குழாய் முடியுற வரைக்கும்!"