காதுக்காரியின் சுவர்

தையல் மிஷின் பழுது பார்க்கும் அவளைத் தையற்காரர்கள் எல்லாரும் காதுக்காரி என்றுதான் சொல்வார்கள். மிஷினை எடுத்ததும் கழற்ற மாட்டாள். முதலில் ஓட்டச் சொல்லிக் கேட்பாள். நாலு தையல் ஓடுவதற்குள் எங்கே உரசுகிறது, எங்கே எண்ணெய் வற்றிப் போயிருக்கிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அக்கா புருஷனின் கடையில், இடது கால் ஆடும் மர ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து, பத்தொன்பது வருஷம் இப்படிக் கேட்டாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தானுக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மட்டும்தான் தெரியும். அதுவும் சந்தேகம்.

புது போர்டு எழுதக் கொடுத்தபோது அவள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "ஓரமா என் பேரையும் போடுங்க அத்தான். சின்ன எழுத்தா இருந்தாலும் பரவாயில்ல."

கடையில் அப்போது எட்டுத் தையற்காரர்கள் நின்றிருந்தார்கள். அத்தான் எட்டுப் பேரையும் பார்த்துச் சிரித்தார். "சத்தம் கேக்குறதெல்லாம் ஒரு வேலையா? காது எல்லாருக்கும்தான் இருக்கு. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

அன்று அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். அந்த ஆள் அதே எட்டுப் பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மாடியில் குடியிருந்த பெண் வெப்சைட் செய்து தருபவள். காதுக்காரி மறுநாளே படியேறிப் போய், "எனக்கொண்ணு போட்டுக் குடும்மா, இன்னிக்கே ஆரம்பி" என்றாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒரு பென்சிலையும் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டையும் எடுத்து நீட்டினாள். அன்றிலிருந்து அவளுக்குப் பென்சில் என்றே பேராகிவிட்டது.

"ஒரு பக்கத்துக்கு ஒரு சீட்டுக்கா. ஒவ்வொண்ணுலயும் மூணு கேள்வி. யார் வருவாங்க? என்ன வேண்டி வருவாங்க? போகும்போது என்ன கொண்டு போவாங்க? மூணுக்கும் பதில் இல்லாம நான் ஒரு பட்டன்கூடப் போட மாட்டேன்."

காதுக்காரி எழுதிய முதல் சீட்டின் தலைப்பு 'அத்தான் செய்த துரோகங்கள்'. பன்னிரண்டு துரோகங்கள், தேதியோடு.

"இதைப் படிக்க யாருக்கா வருவாங்க?"

"ஊரே வரும்."

"ஊருக்கு மிஷின் ஓடணும். உங்க அத்தான் கதை எதுக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே அதைக் கிழித்துப்போட்டாள். ஆனால் வேறொரு சீட்டில் 'யார் வருவார்: அத்தான்' என்று எழுதி, மற்ற இரண்டு கேள்விகளையும் காலியாக விட்டு, பீரோவுக்குள் வைத்தாள். பென்சில் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

படுக்கையறைச் சுவரில் சீட்டுகள் ஏறின. ஒட்டுவதும் பிய்ப்பதும் இடம் மாற்றுவதுமாக ஒரு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்தாள். தங்கை மேல் திடீரென்று பாசம் பொங்கி, "உள்ள காத்தாட உட்காரலாம்" என்று நேரே அந்த அறைக்குள்ளேயே போய் உட்காருவாள். ஒரு புதன்கிழமை அத்தான் கடை வாசலில் புதிதாக ஒரு தட்டி தொங்கியது. 'ஊசி அடிக்கடி உடைகிறதா? தூக்கிக்கொண்டு வர வேண்டாம், படம் அனுப்புங்கள்.' சுவரின் மூன்றாவது சீட்டில் இருந்த அதே வார்த்தைகள்.

அத்தான் திருடியது அவளுக்குப் புதிதல்ல. அக்கா போனில் படம் எடுத்துக் கொடுத்தாள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா அழுதிருப்பாள், இவளும் மன்னித்துத் தொலைத்திருப்பாள். மன்னிக்கிற உத்தேசம் இவளுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் சுவரின் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஏறியது. 'மிஷின் ஓடும் சத்தத்தை அனுப்புங்கள். கேட்டே கோளாறு சொல்கிறோம்.'

பென்சில் பதறிப்போனாள். "அக்கா! நம்ம சைட்டோட உயிரே இதுதான். இதைப் போய் அவங்க கண்ணுல படுற மாதிரி..."

"எடுத்துட்டுப் போகட்டும். எடுத்துட்டுப் போய்க் கேக்கட்டும். காதுதான் எல்லாருக்கும் இருக்கே."

பத்தே நாளில் அத்தான் சைட் வந்துவிட்டது. காதில் கை வைத்தபடி அவர் படம், கீழே அந்த வாசகம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் தையல் தலைக்கு மேல் கிடந்தது. சத்தங்கள் வந்து குவிந்தன. அத்தானுக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம். எல்லாருக்கும் "பெல்ட்டை மாத்துங்க" என்றார். மாற்றினார்கள். மறுபடியும் நூல் அறுந்தது. கடை வாசலில் நின்று கத்தினார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று காதுக்காரி வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அவள் சைட் திறக்க மேலும் ஆறு வாரம் ஆனது. சுவரில் ஒட்டாமல் பீரோவுக்குள்ளேயே வைத்திருந்த இன்னொரு சீட்டும் அதில் பக்கமாக வந்தது. அதன்படி, அனுப்பும் சத்தமும் அதற்குச் சொல்லும் பதிலும் எல்லாரும் பார்க்கும்படி சைட்டிலேயே இருக்கும். அடுத்தவருக்கும் உதவுமே. சத்தம் அனுப்பும் பட்டனுக்கு மேலேயே அதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். அத்தான் எதைத்தான் படித்திருக்கிறார்?

திறந்த மூன்றாம் நாள், 'ஒரு தையற்காரர்' என்ற பேரில் ஒரு சத்தம் வந்தது. காதுக்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொக்கி ஊசியில் உரசியது, தையல் விட்டு விட்டு விழுந்தது. அதற்குப் பின்னால் மரம் கிறீச்சிட்டது. இடது கால். அதற்கும் பின்னால், பத்தொன்பது வருஷம் கல்லாவிலிருந்து கேட்ட அந்தத் தொண்டைக் கனைப்பு.

அவள் சொல்லச் சொல்லப் பென்சில் தட்டினாள். "ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கீங்க, அத்தான். தையல் பழக வர்றவங்க முதல் நாள் பண்ற தப்பு. ஸ்டூலோட இடது கால் ஆடுது, பார்த்து உட்காருங்க."

பென்சிலின் விரல் நின்றது. "அத்தான்கிறதை மட்டும் எடுத்துடவாக்கா?"

"இருக்கட்டும். போடு."

சாயங்காலத்துக்குள் அந்த எட்டுப் பேரும் பார்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அதைப் பெரிதாக அச்செடுத்துத் தன் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டினார். அக்கா நாலு தடவை போன் செய்தாள். மணி அடித்து ஓயும்வரை இவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பீரோவைத் திறந்து, காலியாக விட்டிருந்த அந்தச் சீட்டை எடுத்தாள். என்ன வேண்டி வந்தார்: 'என் காது.' என்ன கொண்டு போனார்: 'நான் பட்டதில் பாதி' என்று எழுதினாள். சீட்டைக் கிழிக்கவில்லை. மீதிப் பாதி இருக்கிறது. அதைச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடமாகப் பார்த்து ஒட்டினாள்.