தமிழினி கண்ணில் பட்ட சுப்ரா

சேலத்தில் ஜப்பான் வேகக் கார்களைத் தேடிப்போய்ப் படம் பிடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. வாங்கவா? அட நீங்கள் வேறு, அந்தக் கார்களுக்கு ஒரு டயர் வாங்கக்கூட இவர்களுக்கு வக்கில்லை. ரோட்டில் பார்ப்பது, படம் எடுப்பது, வாட்ஸப் குழுவில் போட்டுப் பீற்றிக்கொள்வது, அவ்வளவுதான். அந்தக் குழுவில் பெரிய கை பிரபாகர். குடும்பத்துக்குப் பட்டுச்சேலை வியாபாரம். வாரம் முழுக்கக் கடையில் சேலையை விரித்து மடிப்பான். ஞாயிறு விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் போய் உட்கார்ந்துவிடுவான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேகக் கார்களுக்குச் சாதாரணப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது. விலை கூடின பவர் பெட்ரோல்தான் வேண்டும். எங்கே சுற்றினாலும் வயிற்றுப்பாட்டுக்கு இங்கே வந்துதானே ஆகவேண்டும் என்பது அவன் கணக்கு. அப்படி உட்கார்ந்தே ஊருக்குள் வந்த ஜப்பான் கார்களை எல்லாம் முதல் ஆளாகப் பிடித்திருக்கிறான். பிடிபடாதது ஒன்றுதான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக்கு லாரி ஓனர் தங்கமுத்துவிடம் பழைய மாடல் வெள்ளை சுப்ரா கார் ஒன்று இருப்பதாகப் பேச்சு. பார்த்தவர் யாருமில்லை. அதைப் பிடிக்காமல் சாகமாட்டேன் என்று பெண்டாட்டி ரஞ்சனியிடம் சொல்லியிருந்தான். அப்போ தீர்க்காயுசு என்றாள் அவள்.

அந்த சுப்ராவைத்தான் தமிழினி பிடித்தாள். சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸ் கிளார்க். குழுவில் சேர்ந்து சில மாதம்கூட ஆகவில்லை. கேமராவும் கிடையாது. இட்லி மாவு வாங்க ஸ்கூட்டியில் போனவள், அடிப்பாகம் தட்டிவிடாமல் வேகத்தடையில் சாய்வாக ஏறி இறங்கிய வெள்ளைக் காரைப் பார்த்து, போனில் எடுத்துப் போட்டாள். கீழே ஒரு கேள்வி வேறு: இது என்ன கார்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

பேர்கூடத் தெரியாதவளுக்கு! பிரபாகருக்கு வயிறு பற்றி எரிந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அசல் சுப்ரா. குழுவில் ஆளாளுக்கு அவளைக் கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். நேற்று வந்தவளுக்கு இந்த வாழ்வா என்று பொருமினான். கை தானாகத் தட்டச்சு செய்தது: வண்டி டூப்ளிகேட். மேல கூடு மட்டும்தான் சுப்ரா, உள்ள வேற இன்ஜின்.

பிரபாகர் சொன்னால் குழுவில் அப்பீல் கிடையாது. கொண்டாட்டம் பொசுக்கென்று அடங்கியது. "அப்படிங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தமிழினி குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டாள். அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆனால் வாட்ஸப் பேச்சு குழுவோடு நிற்குமா? திருச்செங்கோடு வரை போய்விட்டது. விவரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கில் வேலை செய்யும் பெரியவர்தான் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"எவனோ டூப்ளிகேட்டுனு கெளப்பி உட்டுட்டானாமுங்க. கண்ணாலத்துக்குப் போன எடத்துல சொந்தக்காரங்க எல்லாம் கேலி பண்ணீருக்காங்க. ரிக்கு ஓனரு மனசு உட்டுப்போயி கேரளாக்காரருக்கு வித்துப்போட்டாருங்க. ஆடிப் பதினெட்டுக்கு இங்க கொண்டாந்து உங்க ஆளுங்களுக்கெல்லாம் காட்டறேன்னு சொல்லீட்டு இருந்த மனுசன்."

பிரபாகர் டீக் கிளாஸை அப்படியே கீழே வைத்தான். காட்டுவதாக இருந்தாராம், இந்த இடத்திலேயே. சும்மா இருந்திருந்தால் போதும், வண்டி தானாகக் கண்முன்னே வந்து நின்றிருக்கும். பாழாய்ப்போன விரல்.

மறுநாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு சூரமங்கலம் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த தமிழினியிடம் அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டான். நீங்கதான் டூப்ளிகேட்டுன்னீங்களே, அன்னைக்கே அழிச்சுட்டேன் என்றாள். குத்தலாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது ஒரிஜினல்தாம்மா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு அப்பவே தெரியும்."

அவள் முகம் மலர்ந்தது.

"எனக்கும் அப்படித்தானுங்கண்ணா தோணுச்சு. நான் ஃபோட்டோ எடுக்கறதப் பாத்துட்டு ஓனரு வண்டிய நிறுத்திட்டாரு. எறங்கி, நீ உக்காந்து பாரு சாமின்னாரு. ஸ்டீயரிங்கப் புடிச்சு உக்காந்தேன். ஆக்சிலேட்டர மிதின்னாரு, மிதிச்சேன். அந்தப் பரபரப்புல வண்டி பேரக் கேக்கக்கூடத் தோணல. மறுநாள் குழுல சொல்லலாம்னு இருந்தேன். டூப்ளிகேட் வண்டில உக்காந்ததுக்கு இத்தன ஆட்டமான்னு சிரிப்பீங்கன்னு உட்டுட்டேன்."

போய்விடலாம் என்றுதான் பிரபாகர் நினைத்தான். ஆனால் திரும்பவில்லை.

"மிதிச்சப்ப சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

அவள் டிபன் பாக்ஸைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் பிடிப்பது மாதிரி நீட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டான். கேட்கக் கேட்க அவன் வயிறு முன்னைவிட எரிந்தது.