செய்மதிக்கு வைத்த பொட்டு

ராக்கெட்டில் மேலே போன செய்மதியின் அன்ரனா ஒழுங்காக விரிந்திருக்கிறதா என்று கீழே இருந்து பார்ப்பது என் வேலை. ஏணி வைத்தும் எட்டாத பொருளுக்குப் பொறுப்புச் சொல்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அரியாலை வளவு

அளக்கிற டிஷ்ஷை அரியாலையில் ஒரு வீட்டு வளவில் பூட்டியிருந்தோம். டிஷ் அசையாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் செய்மதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். சிக்னல் ஏறி இறங்குவதை நான் குறிப்பேன். அதை வைத்துத்தான் அதன் வீச்சு எதுவரை விழுகிறதென்று தெரியும். வளவுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது அங்கை கழுத்து நோக வளையுது. நீர் இஞ்சை கதிரையிலை இருந்து பிழை சொல்லுறீர்."

வெள்ளிக்கிழமை

கடைசி நாள் அளப்பில்தான் பருத்தித்துறைக் கடல் வீச்சுக்குள் வருமா என்று முடிவாகும். வந்தால் படகுகளுக்கு ஆபத்தில் கூப்பிடும் கருவி கொடுப்பார்கள். போன வருடம் எஞ்சின் நின்று இரண்டு நாள் கடலில் கிடந்த செல்வம் அண்ணையின் மனைவி, அது எப்போது வரும் என்று எனக்கு அடிக்கடி போன் எடுப்பார்.

அன்று சிக்னல் பாதிதான் வந்தது. அன்ரனாவில் கோளாறு, வடக்குக் கடலை விட்டுவிடுவோம் என்றார் போனில் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர். வயர், பூட்டு எல்லாம் பார்த்தேன். கடைசியில் டிஷ்ஷின் வாயைப் பார்த்தேன். சிக்னல் நுழைகிற மூடியின் நடுவில் ஈரச் சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமை என்று காலையில் நானே வைத்தது.

துடைத்ததும் சிக்னல் ஏறியது. ஆனால் செய்மதியை மறுபடி சாய்க்கவேண்டும். அதன் எரிபொருள் கொஞ்சம் கரையும். மழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொன்னேன். பொறுப்பாளர் சாவகச்சேரிக்காரர். செய்மதியை மறுபடி சாய்க்க உத்தரவு கொடுத்தார். பிறகு சொன்னார்: "இனிப் பொட்டை அதின்ரை முதுகிலை வையும் பிள்ளை. சாமிக்குப் பின்னாலையும் கண் தெரியும்."

பருத்தித்துறை

இரண்டாம் முறை அளந்தபோது அன்ரனாவில் குறை இல்லை. செல்வம் அண்ணை போன வருடம் கிடந்த இடமும் வீச்சுக்குள் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டியபோது அவர் மனைவி அதில் விரலை வைத்தார், எடுக்க நெடுநேரமானது. அண்ணை வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "அப்ப இனி இவர் கூப்பிடேல்லையெண்டால், மனமில்லாமல்தான் கூப்பிடேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

இத்தனை வருடம் ஆகாயத்தைச் சோதித்ததில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தன.