கொக்கியை மாற்றி மாட்டிய கைகள்

ஆவி வந்தது, தெய்வம் வந்து காப்பாற்றியது என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிற ஆள் நான். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டைச் சுற்றி அந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை, ஒன்றைக்கூட நம்பியதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மகள் பிறந்த பிறகு நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளாகிவிட்டேன். கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவேன். அலுவலகத்தில் சிலர் இமாச்சலத்துக்கு மலையேறப் போவதாகச் சொன்னபோது என் பெயரைக் கொடுக்கச் சொன்னது என் கணவர்தான். "மோளை நான் நோக்கிக்கறேன், நீ பேடிக்காம போய்ட்டு வா" என்று என் பயத்தைப் போக்கப் பார்த்தார். நாலு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு ஒரு அம்மா இரண்டு வாரம் போகலாமா என்று கடைசி நாள்வரை யோசித்தேன், யோசித்துக்கொண்டே பத்துக் கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுத் தோப்பும்படிப் பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினேன்.

அங்கே எங்களைத் திறமைப்படி பிரித்தார்கள். நன்றாகப் பழகியவர்கள் சிகரத்துக்கு, ஓரளவு தெரிந்தவர்கள் அதற்குக் கீழே உள்ள முகட்டுக்கு, என்னைப் போன்ற புதியவர்கள் பனியாற்றைக் கடந்து மேல் முகாம்வரை மட்டும். எங்கள் கயிற்றில் மூன்று பேர். முன்னால் வழிகாட்டி நம்கியால், நடுவில் நான், பின்னால் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தேவராவிலிருந்து வந்த ஜோஸ் சேட்டன். ஒருவருக்கொருவர் பத்து மீட்டர் இடைவெளி. பனிக்கு அடியில் பிளவுகள் இருக்கும், ஒருவர் விழுந்தால் மற்ற இருவர் கயிற்றால் தாங்க வேண்டும். கயிற்றின் கொக்கியை இடுப்புப் பட்டையின் முன்பக்கத் தடித்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பக்கத்தில் உள்ள மெல்லிய வளையங்கள் சாமான் தொங்கவிட, ஆள் எடையைத் தாங்காது.

நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கொக்கியைத் தொட்டுப் பார்ப்பேன், கயிற்றில் எல்லோரும் நிற்க வேண்டிவரும். "கேஸ் ஆஃப் பண்ணியாச்சு மோளே, நட" என்பார் ஜோஸ் சேட்டன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். பனியாற்றின் நடுவே ஒரு பாறைத் திட்டில் கொக்கியைக் கழற்றிவிட்டு மறைவுக்குப் போய் வந்தேன், தடித்த கையுறையோடு தடவித் தடவித் திரும்ப மாட்டினேன். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சரிபார்த்தாயா என்று நம்கியால் அவசரமாகக் கேட்டார். மறுபடியும் எல்லோரையும் நிறுத்த வேண்டாமே என்று, பார்க்காமலே, "பார்த்துவிட்டேன்" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது, என் காலே எனக்குத் தெரியவில்லை. முன்னால் கயிறு அசையாததால் நானும் நின்றேன். அப்போது என் இடுப்பருகே இரண்டு கைகள் வந்தன. கைகள் மட்டும்தான், மணிக்கட்டுக்கு மேல் மேகம். கறுத்து வெடித்த விரல்கள், ஆனால் துளித் தடுமாற்றம் இல்லை. பக்க வளையத்தில் இருந்த கொக்கியைக் கழற்றி, முன் வளையத்தில் மாட்டி, கொக்கியின் திருகுப் பூட்டை இறுக்கின. நம்கியால்தான் திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்துக் கூச்சத்தோடு நன்றி சொன்னேன். கயிறு முன்னால் இழுத்தது, நடந்தேன்.

இருபது எட்டு வைத்திருப்பேன், காலடியில் பனி உடைந்து நான் உள்ளே போய்விட்டேன். இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுத்தது, அப்புறம் தொங்கிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நீலம், கோயிலுக்குள் இருப்பது போன்ற அமைதி. இதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை, சொன்னால் சிரிப்பீர்கள். அதில் ஆடிக்கொண்டே மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன் வளையம் தாங்கியது.

மேலே இழுத்துப் போட்டதும் நம்கியாலிடம், நல்லவேளை நீங்கள் வந்து சரியாக மாட்டினீர்கள் என்றேன். அவர் வரவே இல்லையாம், முன்னால் நின்று தடியால் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜோஸ் சேட்டனைப் பார்த்தேன். "நான் நின்ன எடத்த விட்டு அனங்கல மோளே" என்றார். பாறைத் திட்டிலிருந்து நான் இறங்கும்போது அவர் போனில் ஒரு படம் எடுத்திருந்தார். அதை எடுத்துப் பெரிதாக்கினார். கொக்கி பக்கவாட்டு வளையத்தில் தொங்குகிறது, தெளிவாகத் தெரிகிறது. அவர் அப்புறம் என்னைக் கேலி செய்யவில்லை.

நம்கியாலுக்கும் அதைக் காட்டி, யாரோ வந்து மாற்றி மாட்டினார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தியில் ஒன்று கேட்டார்.

"வந்தவர் கையுறை போட்டிருக்கவில்லை, அப்படித்தானே?"

அதை நான் சொல்லவே இல்லை.

கீழ் முகாமுக்கு வந்ததும் அவர் பெட்டியிலிருந்து ஒரு புதுக் கையுறை ஜோடியை எடுத்துக்கொண்டு பனியாற்றின் ஓரத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு கற்குவியல். மேல் கல்லைத் தூக்கி, ஜோடியை உள்ளே வைத்து, கும்பிட்டார். யாருக்கு என்று கேட்டேன். இப்படி நடக்கும்போதெல்லாம் தன் அப்பாவும் இங்கேதான் வைத்தார், யாருக்கு என்று அவருக்கும் தெரியாது என்றார்.

கல்லுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். கம்பளி, தோல், இந்தக் காலத்து நைலான் என்று எத்தனையோ ஜோடிகள், அடியில் உள்ளவை மக்கி மண் நிறமாகிவிட்டிருந்தன. வீட்டுக்கு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டபோதும் அதுதான் கண்ணில் நின்றது, இன்றும் நிற்கிறது. கடையில் ஜோடி பிரியாமலிருக்க ஒரு நூல் போட்டிருப்பார்களே, ஒன்றில்கூட அது அறுக்கப்படவில்லை.